குருவிக்கு ரைட் கொடுத்த கதை

பேரன்பும் பெருமதிப்பும் கலந்த மச்சான் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கைப்பிடித்த குற்றத்துக்காக இன்றுவரை தங்களால் 'டேய்' என்றே அழைக்கப்பட்டுவரும் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் உடலளவில் நலம். தங்கள் நலமும், தங்கள் இடது முழங்காலின் நலமும், அந்த முழங்காலைத் தினமும் தைலம் போட்டுத் தேய்த்துவிடும் தங்கள் மனைவியான என் தங்கச்சியின் நலமும் அறிய ஆவல். மரியாதை இத்துடன் போதும் என்று நினைக்கிறேன். நீ டிரைவராகவும் நான் கண்டக்டராகவும் பாதி ஆயுளை ஒரே வண்டியில் கழித்தோம். நமக்கு நடுவில் 'தாங்கள்' எல்லாம் தாங்காது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மருமகள், அதாவது என் மகள், இனிமேல் ஆய்வகத்துக்குப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். காரணம் நான். அவளைத் திரும்பப் போகவைக்க உன் ஒருத்தனால்தான் முடியும். எப்படி என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். அதற்காக நடுவில் இருப்பதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதே. ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்துவது உனக்குப் பழக்கம். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அவள் அடுத்த அறையில்தான் இருக்கிறாள். நான் கிசுகிசுத்தாலே தெருக்கோடிக்குக் கேட்கும் என்பது உன் தங்கையின் நெடுநாள் புகார். கடிதம் என்றால் சத்தமே கிடையாது, யாருக்கும் தெரியாது. சரி, போகலாம்.

கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருஷம் போனதுமே உன் மருமகள் ஒரு பிடிவாதம் பிடித்தாள். புத்தகத்தைப் படித்துப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாதாம். படிக்கும்போதே ஏதாவது ஒரு ஆய்வகத்தில் நுழைந்து நிஜமான வேலை செய்திருந்தால்தான், பின்னால் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம் போடும்போது திரும்பியாவது பார்ப்பார்களாம். சரிம்மா, நுழை என்றேன். நுழைவது அவ்வளவு லேசா? மெயில் மேல் மெயிலாக அனுப்பினாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர் 'முன் அனுபவம் உண்டா?' என்று கேட்டு எழுதியிருந்தார். அனுபவம் வேண்டித்தானே ஐயா கேட்கிறாள்! ஏற்கெனவே வண்டிக்குள் இருக்கிறவர்கள் மட்டும் ஏறுங்கள் என்று நான் ஒரு நாளாவது எந்தப் பயணியிடமாவது சொல்லியிருக்கிறேனா? எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு நானே ஒரு பதில் எழுதிவைத்தேன். நல்லவேளை, அதை உன் மருமகள் பார்த்துக் கிழித்துப் போட்டுவிட்டாள்.

கடைசியில் ஒரு பேராசிரியை நேரில் வரச் சொன்னார். அவரை மேடம் என்றே எழுதுகிறேன். மேடம் ஆராய்வது குருவிகளின் பாட்டை. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வகைச் சிட்டு, பார்த்தால் ஒரு வாய்க்குக் காணாது, அதன் பாட்டுக்கு ஒரு கட்டடமே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் உன் மருமகளைக் கூண்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்து, "கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டாராம். சாயங்காலம் வந்து எல்லாக் கூண்டையும் துணி போட்டு மூடி, இப்போது பாடுவது எந்தக் குருவி, இது எந்தக் குருவி என்று கேட்டிருக்கிறார். இவள் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. "மார்க்கெல்லாம் எனக்கு வேண்டாம். உனக்குக் காது இருக்கு. நாளையிலேர்ந்து வா" என்று மேடம் சொன்னாராம். அன்றைக்கு இவள் வீட்டுக்கு வந்து சொன்ன சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, உன் தங்கை அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இந்தக் காது சமாச்சாரத்தை மனதில் வைத்துக்கொள், மச்சான். எல்லா வினையும் அதில்தான் வந்து நிற்கிறது.

சேர்ந்த பிறகு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? எச்சம் துடைக்கிற வேலை. கூண்டுத் தட்டை உருவி, பழைய பேப்பரை எடுத்து, புதுப் பேப்பர் போட்டு, தீனிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வேலை. "இதுக்காம்மா இத்தனை மெயில் போட்ட? நம்ம வீட்டுச் சன்னல்லயே புறா தினம் இலவசமா அனுபவம் குடுத்துட்டுப் போகுதே" என்றேன். "அனுபவம்னா இதாம்பா. மொதல்ல துடைக்கணும், அப்புறம்தான் தொடவிடுவாங்க" என்றாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் துடைத்தாள். அதனால்தான் சீக்கிரமே அவளை உள்ளறைக்கு, அதாவது பேசாத அறைக்கு, மாற்றினார்கள்.

அது என்ன பேசாத அறை என்று உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இந்த இனத்தில் பாடுவது ஆண் குருவி மட்டும்தான். குஞ்சு தன் அப்பன் பாடுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் பாடக் கற்றுக்கொள்ளுமாம். அப்பனே இல்லாமல், எந்தப் பாட்டும் காதில் விழாமல் ஒரு குஞ்சு வளர்ந்தால் அது என்னத்தைப் பாடும்? இதுதான் கேள்வி. இதற்காகச் சத்தம் நுழையாத பெட்டிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஆண் குஞ்சைத் தனியாக வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு மைக் உண்டு. கதவைத் திறந்தால் பதிவு தானாக நின்றுவிடும், சாத்தினால் மறுபடி ஓடும். அந்த அறையில் பேசக் கூடாது, பாடக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இந்த ஆராய்ச்சி முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு தம்பியுடையது. நல்ல பிள்ளை, ஆனால் எப்போது பார்த்தாலும் ஒரு விரல் உதட்டின் மேலேயே இருக்கும். நான் அவருக்கு 'உஷ்' என்று பெயர் வைத்திருக்கிறேன். கேன்டீனில் டீ சொல்வதையே அவர் சைகையில்தான் சொல்வார். சரி, மேலே போகலாம்.

விடுமுறை வந்தது. உஷ் தன் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனார். குஞ்சுகளின் பொறுப்பை உன் மருமகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இளநிலை படிக்கிற பிள்ளையிடம் இப்படி ஒரு பொறுப்பை யாரும் கொடுக்க மாட்டார்களாம். இவள் தரையில் நடக்கவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது, இரண்டாம் நாளே ஆய்வகப் படிக்கட்டில் கால் பிசகி, எலும்பில் கீறல் விழுந்து, முழங்கால்வரை மாவுக்கட்டு. இரண்டு கையும் ஊன்றுகோலைப் பிடித்தால் தீனித் தட்டை யார் பிடிப்பது? இவள் உஷ்ஷுக்குப் போன் போட்டு, "எங்கப்பா கூட வந்து தட்டைப் பிடிப்பார், வாயைத் திறக்க மாட்டார், நான் பொறுப்பு" என்று அனுமதி வாங்கினாள். ஒளிவுமறைவாக எதுவும் செய்யவில்லை, மச்சான். இதை நீ நாளைக்கு யாரிடமாவது சொல்வதாக இருந்தால் இந்த இடத்தை அழுத்திச் சொல்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். சவரக் கடையில் கன்னத்தில் கத்தி இருக்கும்போதுகூடப் பேசிக்கொண்டே இருக்கிறவன். அப்படிப்பட்டவன் அந்த அறைக்குள் கால் வைத்தால் கல்லுப் பிள்ளையார்தான். தும்மல் வந்தபோது மூக்கை இறுக்கிப் பிடித்துக் காது வழியாகத் தும்மினேன். இவள் பெட்டிக் கதவைத் திறப்பாள். நான் தட்டை நீட்டுவேன். கிண்ணத்தை உள்ளே வைப்பாள், தண்ணீர் ஊற்றுவாள், கையை வெளியே எடுப்பாள், கதவைச் சாத்துவாள். அடுத்த பெட்டி. விடுமுறை முழுக்க இதே. குஞ்சுகள் என்னைத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கும். அப்பன் முகமே பார்க்காத பிள்ளைகள், பாவம், என்று எனக்கு மனசுக்குள் உருகும். அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மாவுக்கட்டுப் பிரித்தார்கள், உஷ் திரும்பி வந்தார், என் வேலை முடிந்தது. மாதங்கள் ஓடின. ஒரு நாள் உன் மருமகள் வீட்டுக்குள் ஓடி வந்தாள். "அப்பா, பாடுதுப்பா!" என்றாள். குஞ்சுகள் வளர்ந்து பாட ஆரம்பித்துவிட்டன. பாட்டு ஒன்றும் சரியில்லையாம், கரகரவென்று என்னமோ இழுக்கிறதாம், அது எதிர்பார்த்ததுதானாம். ஆனால் எதிர்பார்க்காத ஒன்று நடந்துவிட்டது. ஒன்றையொன்று கேட்டே அறியாத அந்தக் குருவிகள் அத்தனையும், பாட்டின் முடிவில், ஒரே மாதிரி இரண்டு குட்டைச் சுரம் போட்டு முடிக்கின்றனவாம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கேயும் கேட்டதில்லை. அப்படியானால் அது பிறக்கும்போதே மண்டைக்குள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? உஷ் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுக் கத்தினாராம். மேடம் பொதுவாக லேசில் தலையசைக்கிறவர் இல்லை. அவரே எல்லாப் பதிவையும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, எழுதலாம் என்று சொல்லிவிட்டார். ஆராய்ச்சி முடிவை எல்லாம் போட்டுப் பெரிய படம் ஒன்று அச்சடித்தார்கள், சுவரில் ஒட்ட. அதில் தலைப்புக்குக் கீழே மேடம் பெயர், உஷ் பெயர், மூன்றாவதாக உன் மருமகள் பெயர். படித்துக்கொண்டிருக்கும்போதே பெயர்!

நான் சும்மா இருப்பேனா? வாட்ச்மேனிடம் சொன்னேன், சவரக் கடையில் சொன்னேன், மாடிப்படியில் எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னேன். டிப்போவுக்குப் போய் நம் பழைய ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். அந்தக் குஞ்சுகளுக்குத் தீனித் தட்டுப் பிடித்தது இந்தக் கைதான் என்றும் கூடவே சொன்னேன். இப்போது அந்த வழியாக நடக்கவே கூச்சமாக இருக்கிறது. பின்பக்கச் சந்து வழியாகக் காய் வாங்கப் போகிறேன்.

ஆய்வகத்தில் ஒரு நாள் வீட்டார் எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று அழைத்தார்கள். நானும் உன் தங்கையும் போனோம். உன் தங்கை கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினாள். ஒரு கூடம், சுவரில் அந்தப் படம், மேசையில் ஒரு கூண்டு, கூண்டில் நான் தட்டுப் பிடித்து வளர்த்த குருவி ஒன்று. மேடம் பேசினார். குருவி பாடியது. கரகர, கரகர, அப்புறம் இரண்டு குட்டைச் சுரம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. நல்லாத்தான் முடிக்கிறது என்று மட்டும் நினைத்தேன். பிறகு மேடம், "டீ ரெடியா இருக்கு, எல்லாரும் வெளியே வாங்க" என்றார். எழுந்தார்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்கிற கதவு. யார் மேலாவது இடிக்கப் போகிறதே என்று நான் போய்ப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஒரு தாத்தா கடைசியாக வாசற்படியைத் தாண்டினார்.

கூண்டுக்குள் இருந்த குருவி இரண்டு சுரம் போட்டது.

பாடாமலே முடிவை மட்டும் போட்டது. உஷ் அப்படியே நின்றுவிட்டார். விரல் உதட்டுக்குப் போனது. "யாரு அது?" என்றார், மெதுவாக. "இப்ப யாரு விசில் அடிச்சது?" மச்சான், நானும் திரும்பிப் பார்த்தேன். யாருடா அது, நாலு பேர் கூடுகிற இடத்தில் நாகரிகம் தெரியாமல் விசில் அடிக்கிறவன் என்று கோபத்தோடு பார்த்தேன். எனக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. மேடம் குருவியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாரும் தயவுசெஞ்சு ஒரு தடவை உள்ளே வந்து, திரும்ப வெளியே போங்க" என்றார். போனார்கள். நான் கதவைப் பிடித்தேன். அந்தத் தாத்தா மறுபடி கடைசியாக வாசற்படியைத் தாண்டினார். குருவி மறுபடி இரண்டு போட்டது. இந்தத் தடவை அத்தனை கண்ணும் என் மேல்.

"சார், நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று மேடம் கேட்டார்.

"கண்டக்டர், மேடம்" என்றேன்.

மேடம் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அய்யோ மேடம், இவருக்கு விசில் அடிக்கிற பழக்கமே கிடையாதுங்க. ரிட்டையரான அன்னிக்கே விசிலைக் கழட்டிக் குடுத்துட்டு வந்துட்டாரு" என்று உன் தங்கை எனக்காக வாதாடினாள். "நீ சொல்லு, நான் என்னிக்காவது அடிச்சிருக்கேனா?" என்று நானும் அவளோடு சேர்ந்து வாதாடிவிட்டு, சரி வா போகலாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். குருவி மூன்றாம் தடவையும் பதில் சொன்னது.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். கடைசி ஆள் படியேறிக் கால் உள்ளே வந்ததும் இரண்டு விசில், ரைட். யாராவது இறங்க வேண்டுமென்றால் ஒரு விசில், ஸ்டாப். விசிலைத்தான் டிப்போவில் ஒப்படைத்தேனே ஒழிய, பல்லையும் நாக்கையும் ஒப்படைக்கவில்லை. ஒரு காரியம் முடிந்து அடுத்தது நகர வேண்டும் என்றால் என் பல்லிடுக்கிலிருந்து அதுவாக வந்துவிடுகிறது. வாயைத் திறக்கவே வேண்டாம். உன் மருமகள் பெட்டியிலிருந்து கையை எடுத்ததும் ரைட் கொடுத்திருக்கிறேன். ரைட் கொடுத்த பிறகுதான் அவள் கதவைச் சாத்தியிருக்கிறாள். அப்பன் இல்லாத குஞ்சுகள், சாப்பாடு வரும்போதெல்லாம் ஒரு ஆள் வந்து நிற்கிறான், போகும்போது ஒரு பாட்டுப் பாடுகிறான், இவன்தான் நம் அப்பன் என்று பிடித்துக்கொண்டுவிட்டன. பதிவிலும் இல்லை, கதவு திறந்திருந்தால்தான் மைக் தூங்கிவிடுமே. மறுநாள் வாட்ச்மேனைக் கேட்டேன். "என்ன சார் புதுசா கேக்கிறீங்க? நீங்க வீட்டைப் பூட்டினா ரெண்டு, கேட்டைத் தாண்டினா ரெண்டு. அதை வெச்சுத்தானே நான் மோட்டாரைப் போடுவேன்" என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கிற மூன்று பேருக்குத்தான் தெரியவில்லை.

உஷ் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோபத்தில் கிழித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொரு மூலையாக நகத்தால் நெம்பி, டேப்பை மெதுவாக உரித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டார். அந்தப் பிள்ளையின் ஒரு வருஷம் அது. "தம்பி, என்னை மன்னிச்சிடுங்க. வேணும்னு செய்யல" என்றேன். "தெரியும் சார். விடுங்க" என்றார். பிறகு உன் மருமகள் பக்கம் திரும்பினார். அவர் குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: "பக்கத்துலயே நின்ன. உனக்குமா கேக்கலை?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சியபோது சொன்னாள்: "நீங்க அடிச்சது தப்பே இல்லைப்பா. உங்களுக்குத் தெரியாது. ஆனா கேக்கிறதுக்குன்னுதானே என்னை எடுத்தாங்க? ஸ்கூல் போனப்போ, காலேஜ் போனப்போ, தினம் வாசல்ல நீங்க ரெண்டு விசில் அடிச்சிருக்கீங்க. அந்த ரூம்லயும் அடிச்சிருக்கீங்க. எனக்கு ஒண்ணுகூடக் கேக்கலை. கேக்கத் தெரியாதவ அங்க போய் என்ன பண்றது?" இப்போது ஏதோ எழுத்தர் வேலைப் பரீட்சைக்குப் புத்தகம் வாங்கிவந்து வைத்துக்கொண்டு படிக்கிறாள். அதில் தப்பில்லை. ஆனால் அதைப் படிக்கிற முகம் அவள் முகமாக இல்லை. என்னோடு பேசாமல் இருக்கிறாளா என்றால் அதுவும் இல்லை. "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்கிறாள். அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

வருத்தமாக இருக்கிறது, மச்சான். இத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒருத்தருக்குக்கூட ஒரு சிராய்ப்பு வந்ததில்லை. சொந்தப் பிள்ளை ஏறப் போன வண்டிக்குப் போய் நானே குறுக்கே நின்றுவிட்டேன். நான் அன்றைக்குத் தட்டைப் பிடிக்க வேறு யாரையாவது பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவளோடு ஒரு வேலைக்குப் போகிறோம் என்ற ஆசையில் போனேன். (இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்காதே.)

மேடம் பெரிய மனசுக்காரர். அடுத்த முட்டைகள் பொரிக்கப் போகின்றன, நாளைக்கு வந்துவிடு என்று இன்று காலையில் இவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். இவள் பதில் போடவில்லை. நாளைக்குப் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். எடுக்கத்தான் வேண்டும், குஞ்சு காத்திருக்காது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் நாளை போய்விடுமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் இப்போதுதான் தோன்றுகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்; கடிதம் கிடைத்ததும் நீ போன் பண்ணி அவளிடம் பேசு. அவளுக்குத் தாய்மாமன் சொல் என்றால் தனி. என்ன சொல்ல வேண்டும் என்றால், அந்த செக்கிங் ஆபீசர் கதையைச் சொல். "கண்டக்டர் விசில் குடுத்தாரா?" என்று அவர் உன்னைக் கேட்டபோது, "கேக்கலை சார், ஆனா வண்டி போயிட்டிருக்கே, அப்ப குடுத்திருப்பான்" என்று சொன்னாயே. உனக்கும் என் விசில் ஒரு நாளும் காதில் விழுந்ததில்லை, காலில்தான் விழுந்தது. அதனால் நீ செவிடா? தினம் கேட்கிற சத்தம் யாருக்கும் கேட்காது, அது உன் காதின் கோளாறு இல்லை கண்ணு, உங்கப்பன் ஓயாமல் அடித்த கோளாறு என்று சொல். நீ சொன்னால் எடுபடும். நான் சொன்னால் மாத்திரை போட்டீங்களா என்பாள்.

அவள் திரும்பப் போனால் என்னால் இன்னொரு தொல்லை வருமோ என்று நீ பயப்பட வேண்டாம். நான் விட்டுவிட்டேன். அன்றையிலிருந்து ஒரு விசில்கூட இல்லை. முதல் சில நாள் வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டிருந்தேன். பல் வலி வந்துவிட்டது. பிறகு வீட்டுக்குள்ளேயே முகக்கவசம் போட்டுக்கொண்டு திரிந்தேன். பால்காரர் எனக்கு என்ன வியாதி என்று உன் தங்கையிடம் துக்கம் விசாரித்தார். இப்போது அதெல்லாம் தேவையே இல்லை, சுத்தமாக நின்றுவிட்டது. உன் தங்கை சாட்சி. இந்த நிமிஷம்கூட எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டேன். "நீங்க அடிக்கவே இல்லைங்க, எனக்குக் கேக்கலையே" என்கிறாள். கெட்ட பழக்கத்தை விடுவதற்கு வயது ஒரு தடையில்லை என்பதற்கு நான் உதாரணம் ஆகிவிட்டேன்.

இத்துடன் முடிக்கிறேன். தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். உன் பிள்ளைகள் குட்டிகளோடு நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழட்டும். உன் முழங்கால் மடங்கி நிமிரட்டும். உன் மருமகள் நாளைக்கு வாசற்படியைத் தாண்டட்டும் என்று நீயும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் தங்கையின் தலைவிதியும்
உன் வண்டியின் பழைய கண்டக்டருமான
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் எதையும் செய்ய வேண்டாம், மச்சான். போனும் பண்ண வேண்டாம். கையெழுத்தைப் போட்டுப் பேனாவை மூடினேன். அறைக் கதவைத் திறந்துகொண்டு உன் மருமகள் வந்து நின்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு மரியாதை இல்லாத முகம். "யாருக்குப்பா கடுதாசி, மாமாவுக்கா?" என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். "இவ்ளோ நீளமா வேற யாருக்கு எழுதுவீங்க? ஒவ்வொரு பாரா முடிஞ்சதும் ரெண்டு விசில் அடிச்சீங்க. ஆரம்பத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள். நான் உன் தங்கையைப் பார்த்தேன். உன் தங்கை மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். "கடைசிக்குக் கிட்ட ஒரு இடத்துல மட்டும் ஒரே ஒரு விசில். ஸ்டாப். அங்க ஏதோ எழுதி அடிச்சிட்டீங்க, இல்ல?" என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். என்ன எழுதினீங்க என்று கேட்டாள். சொல்லவில்லை. அவளும் விட்டுவிட்டாள். பிறகு, "இப்ப கேக்குதுப்பா. எல்லாம் கேக்குது. அம்மா துணி மடிக்கிறப்ப நாக்கைத் தட்டறாங்க, அதுவும் கேக்குது. நாளைக்குக் காலையில லேபுக்குப் போறேன். நீங்க வாசல் வரைக்கும் வாங்க, அதுக்கு மேல ஒரு அடி வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் திருந்திவிட்டேன் என்று எழுதியிருக்கிற பத்தியை மட்டும் நீ கிழித்துப் போட்டுவிடு.

(கவரின் பின்பக்கம்) ஒட்டியாகிவிட்டது, அதனால் வெளியே எழுதுகிறேன். தபால்காரர் படித்தாலும் பரவாயில்லை. பசையைத் தடவி, மடித்து, அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். உள்ளே இருந்து அவள் குரல் வந்தது: "கேட்டுச்சுப்பா!"